என் கீபோர்டு மேல வச்ச போட்டோ

லீவெல்லாம் இல்லக்கா. ஸ்கூலை விட்டாச்சு. பிளஸ் டூ பாதியில. அடுத்து நீங்க என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும், எல்லாரும் அதே வரிசையிலதான் கேக்கறாங்க. படிப்பு வரலையா? வந்தது. வீட்டுல கஷ்டமா? எல்லா வீட்டுலயும் இருக்கற அளவுக்குத்தான். எவனாவது பையனா? பையன் இல்ல, ரெண்டு கிழவங்க. எழுபதைத் தாண்டின ரெண்டு கிழவங்களுக்காக ஸ்கூலை விட்டேன். நேத்து மெட்ராஸ்ல, அத்தனை பேர் முன்னாடி, அவங்க என்னைக் கழட்டி விட்டாங்க. கழட்டி விட்டாங்கன்னு நான் சொல்றேன். அவங்களைக் கேட்டா வேற மாதிரி சொல்வாங்க. அதனாலதான் அவங்களோட வேன்ல போகாம தனியா பஸ்ஸுல போறேன்.

உங்களுக்குத் தூக்கம் வரலையே? வந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கறேன். பாதியில நீங்க தூங்கிட்டா எனக்குக் கோபம் வரும்.

என் பேரு எப்சிபா. எப்சி. ஊரு பொன்மலை. திருச்சிக்குப் பக்கத்துல ரயில்வே ஒர்க்‌ஷாப் இருக்கே, அந்தக் காலனி. அப்பா போனதும் அவர் வேலைக்குப் பதிலா அம்மாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில ஒரு வேலை குடுத்தாங்க, அதுல ஓடுது வீடு. நான் சர்ச்சுல கீபோர்டு வாசிப்பேன். நல்லா வாசிப்பேன். பெருமைக்குச் சொல்லல. ஒரு பாட்டை ரெண்டு தடவை கேட்டா மூணாவது தடவை அப்படியே வாசிச்சிடுவேன். ஒரு விரல் பிசகாது. எங்க பாஸ்டர் ஐயரு பிரசங்கத்துல தப்பு பண்ணாலும் பண்ணுவார், நான் கீர்த்தனையில பண்ண மாட்டேன்.

போன வருஷம் போன்ல சும்மா எதையோ தேடிக்கிட்டிருந்தப்போ ஒரு ஆல்பம் மாட்டுச்சு. கறுப்பா ஒரு அட்டை, அதுல ஒரு ரயிலோட கடைசிப் பெட்டி, பின்னாடி ஒரு சிவப்பு லைட்டு. பேண்டு பேரு அவுட்டர். தெரியும்ல, ஸ்டேஷனுக்கு வெளிய சிக்னல் குடுக்காம வண்டியைப் போட்டு வைப்பாங்களே, அந்த அவுட்டர். ஆல்பம் பேரு டெயில் லேம்ப். கீழ பார்த்தா திருச்சி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரெண்டுன்னு போட்டிருக்கு. எங்க ஊருல அப்போ இப்படி ஒண்ணா?

கேட்டேன். ரெக்கார்டுல ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டுக்கா. முடியவே முடியாது. முதல்ல ஆர்கன் தனியா வரும், அப்புறம் கிட்டார், அப்புறம் டிரம்ஸ். நாலு நாலா போயிட்டிருக்கற தாளம் நடுவுல திடீர்னு ஏழா மாறும். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு. தட்டிப் பாருங்க. படி இறங்கும்போது ஒரு படி இல்லாம காலு காத்துல போற மாதிரி இருக்கும். இந்த மாதிரிப் பாட்டுக்கு ப்ராக்ரஸிவ் ராக்னு பேராம். அதெல்லாம் அப்புறம்தான் தெரியும். எனக்கு அன்னைக்கு அந்த ஆர்கன்தான். வலது கை பாட்டு வாசிக்குது, இடது கை அடியில பேஸ் கிட்டார் மாதிரி உறுமுது. ஒரே ஆளு. பேஸுக்குன்னு தனி ஆளே கிடையாது அவங்களுக்கு. சோறு தண்ணி இல்லாம கேட்டேன்.

கீழ கமெண்ட்ல எவனோ ஒரு ஜெர்மன்காரன், 'இவங்க யாரு, உயிரோட இருக்காங்களா?'ன்னு கேட்டு வச்சிருந்தான். யாரும் பதில் சொல்லல. அட்டையோட பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டிருந்தாங்க, அதுல மூணு பேரு. டெரிக் வாட்கின்ஸ், கிட்டார், பாட்டு. சிங்காரவேலு, டிரம்ஸ். எட்வின் தனராஜ், ஆர்கன்.

டெரிக் வாட்கின்ஸ்னா யாரு? தினம் காலையில அரை டிராயரோட வந்து பால் பாக்கெட் வாங்கிட்டு, தெரு நாயையெல்லாம் இங்கிலீஷ்ல திட்டிட்டுப் போவாரே, அந்த டெரிக் அங்கிள்! மார்க்கெட் பக்கம் வீடு. அன்னைக்கே போனேன்.

"அங்கிள், இது நீங்களா?"ன்னு போனை நீட்டினேன்.

கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டுப் பார்த்தார். "எவன் மேன் இதைப் போட்டது?"

"தெரியாது. சூப்பரா இருக்கு அங்கிள்."

"சூப்பரா? அப்போ எங்க போயிருந்தீங்க எல்லாரும்?"

"நான் பொறக்கவே இல்ல."

"அது ஒரு சாக்கு"ன்னார். அப்புறம் உள்ள கூப்பிட்டு டீ குடுத்தார்.

அந்த ரெக்கார்டு ஏன் ஓடலன்னு அன்னைக்குத்தான் சொன்னார். அட்டையில ரயில் இருக்குல்ல, மெட்ராஸ்ல கடைக்காரங்க அதைக் குழந்தைங்க பாட்டோட சேர்த்து அடுக்கிட்டாங்களாம். பிள்ளைக்கு ரயில் சத்தம் காட்டலாம்னு வாங்கிட்டுப் போனவங்கல்லாம் மறுநாளே திருப்பிக் கொண்டு வந்து சண்டை போட்டிருக்காங்க. பிள்ளை பயந்து அழுதுச்சாம். ரேடியோக்காரங்க, இவ்வளவு நீளப் பாட்டைப் போட்டா நடுவுல செய்தி யாரு வாசிக்கறதுன்னு கேட்டிருக்காங்க. அப்புறம் ரெக்கார்டு கம்பெனியே மூடிட்டாங்க. இவங்க மூணு பேரும் மறுபடியும் ஒர்க்‌ஷாப் வேலைக்கே போயிட்டாங்க. அவ்வளவுதான் கதை.

எட்வின் அங்கிள் செத்துப் பல வருஷம் ஆச்சு. நான் பார்த்ததே இல்ல. சிங்காரவேலு, அதான் சிங்காரம் மாமா, அரியமங்கலத்துல மக வீட்டுல இருந்தார். அவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவருக்குக் காது சரியா கேக்காது. இப்போ வயசாகி இல்ல, அப்போவே. பாய்லர் ஷாப்புல வேலை பார்த்தவர். அங்க பழுக்கக் காய்ச்சின ரிவெட் ஆணியை ஒருத்தர் பிடிப்பார், எதிர்ல ஒருத்தர் சுத்தியல் போடுவார். அந்த இரைச்சல்ல கத்தினாலும் கேக்காது. எதிர்ல நிக்கறவர் தோள் எப்போ ஏறுதுன்னு பார்த்துத்தான் அடிக்கணும். தப்பினா கை போயிடும். அந்த மாதிரியே டிரம்ஸும் வாசிப்பாராம். எட்வின் அங்கிள் தாளத்தை ஏழா மாத்தறதுக்கு முன்னாடி இடது தோளைக் கொஞ்சம் தூக்குவாராம், இவர் அதைப் பார்த்துட்டு அடிப்பாராம். செவிட்டு டிரம்மர்! இதையெல்லாம் மாமாவே சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

அந்த ஜெர்மன்காரனுக்கு நான்தான் பதில் போட்டேன். 'ரெண்டு பேரு இருக்காங்க, பொன்மலையில, காலையில பால் வாங்க வருவாங்க'ன்னு. அதைப் பார்த்துட்டுத்தான் மெட்ராஸ்லேர்ந்து பிரசன்னான்னு ஒரு ஆள் போன் பண்ணினார். பழைய பேண்டையெல்லாம் தேடிப் பிடிச்சு மேடை ஏத்தறவர். மறுபடியும் டெயில் லேம்ப்பை முழுசா வாசிக்கணும், முடியுமான்னு கேட்டார்.

டெரிக் அங்கிள் என்னைப் பார்த்தார். "ஆர்கனுக்கு ஆள் வேணுமே."

"நான் இருக்கேன்."

"உனக்குத் தெரியுமா?"

வாசிச்சுக் காட்டினேன். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும், ரெண்டு கையும். டெரிக் அங்கிள் எழுந்து ஜன்னல்கிட்ட போய் நின்னுக்கிட்டார். முடிச்சதும் திரும்பாமலே, "ஓகே. நீதான்"ன்னார். நீதான்னு சொன்னார்க்கா. இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கங்க.

பகல்லதான் ப்ராக்டிஸ், டெரிக் அங்கிள் வீட்டுல. சாயந்திரம் வெளிச்சம் குறைஞ்சா சிங்காரம் மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. காதுக்குப் பதிலா கண்ணுதானே அவருக்கு. பகல்லன்னா ஸ்கூல் எப்படிப் போறது? டெரிக் அங்கிள், "சனிக்கிழமை மட்டும் வா போதும், படிப்பை விடாதே"ன்னார். வாரத்துக்கு ஒரு நாள் வாசிச்சு இந்தப் பாட்டு வருமா? வராது. ஸ்கூல்லேர்ந்து நானே நின்னேன். யாரும் நிக்கச் சொல்லல, ஒத்துக்கறேன். ஆனா யாருக்காக நின்னேன்? அதைக் கேளுங்க முதல்ல.

அம்மா அன்னைக்கு வீட்டையே ரெண்டாக்கிட்டாங்க. "பரீட்சை எழுதாம கிழவங்களுக்குப் பொட்டி வாசிக்கப் போறியா? ஒர்க்‌ஷாப் முன்னாடி டீ ஆத்தினாக்கூட அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குடி"ன்னாங்க. நான் சொன்னேன், மார்ச் மாசம் மேடையில பாரு, அப்போ பேசுன்னு.

ப்ராக்டிஸ்ல முதல் நாளே தகராறு. நான் ஆரம்பிச்சேன், அங்கிள் கிட்டார் என்னோட சேரல. அரைக் கட்டை கீழ இருக்கு.

"அங்கிள், உங்க சுருதி கம்மி."

"இல்லமா, இது டி சுருதி. அன்னைக்கும் டிதான்."

"ரெக்கார்டுல ஈ ஃபிளாட் அங்கிள். போட்டுக் காட்டட்டா?" போட்டேன்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. "இது வேகமா ஓடுது மேன். எவனோ கேசட்லேர்ந்து ஏத்தியிருக்கான், வேகம் கூடி சுருதியும் ஏறிப்போச்சு"ன்னார் அங்கிள்.

"இல்ல அங்கிள், உங்களுக்கு மறந்துபோச்சு."

அவர் கிட்டாரை மடியில படுக்க வச்சார். என் முகத்தைப் பார்த்துட்டு, கம்பியை முறுக்கி மேல ஏத்தினார். அன்னையிலேர்ந்து என் சுருதியிலதான் பாடினார். மேல போகும்போது தொண்டை கீறும். அவர் வீட்டு ஆன்ட்டி சுக்குத் தண்ணி வச்சுத் தருவாங்க, மிட்டாயைச் சப்பிக்கிட்டே பாடுவார். பாவமாத்தான் இருக்கும். ஆனா ரெக்கார்டுன்னா ரெக்கார்டுதானே? அவங்க பாட்டை அவங்களுக்கே ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது, அது நான்.

சிங்காரம் மாமாதான் ரொம்பப் படுத்தினார். ஏழு வர்ற இடத்துல எப்பவும் லேட்டு.

"கண்ணு, கொஞ்சம் தலையைத் தூக்கேன்."

"எதுக்கு மாமா?"

"உன்னைப் பார்க்கணும்ல."

"என்னைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க? தாளத்தைப் பாருங்க."

எனக்குக் கண்ணை மூடினாத்தான் வரும்க்கா. கண்ணை மூடினா உள்ள ரெக்கார்டு ஓடும், நான் அது கூடவே போவேன். தலையைத் தூக்கி இவரைப் பார்த்தா எனக்கு விட்டுப்போயிடும். அவர் லேட்டுன்னா அவர்தானே வேகமா வரணும்? நான் எதுக்கு நிக்கணும்? ரெக்கார்டுல நிக்கலையே. ஒரு நாள் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். என் ஹெட்போனை அவர் காதுல மாட்டி, சத்தத்தை முழுசா வச்சு வாசிக்கச் சொன்னேன். கழட்டிட்டார். "இரைச்சலாத்தான் இருக்கு கண்ணு, நீ எங்க இருக்கேன்னு தெரியல"ன்னார்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எனக்குப் பொறுமை போயிடுச்சு. அதே இடம், அதே லேட்டு, நாலாவது தடவை. கையை எடுத்துட்டேன். "மாமா, உங்களுக்குக் காது கேக்கலன்னா பேசாம வேற ஆளைப் போட்டுக்கலாம். சர்ச்சுல ஜெபின்னு ஒரு பையன் இருக்கான், டாண்ணு அடிப்பான்"ன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? திட்டல. கத்தல. வழி சொன்னேன்.

சிங்காரம் மாமா குச்சியை டிரம் மேல படுக்க வச்சுட்டு, "டீ குடிக்கலாம்பா"ன்னார். டெரிக் அங்கிள் அன்னைக்கு என்கிட்ட பேசவே இல்ல. அதுக்கப்புறம் ப்ராக்டிஸும் குறைஞ்சுது. "நீ ரெஸ்ட் எடு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே"ன்னு சொன்னாங்க. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு.

நேத்து மத்தியானம் மெட்ராஸ்ல அந்த ஹாலுக்குப் போறோம். சவுண்டு செக். என் கீபோர்டு முன்னாடியே வேன்ல வந்து மேடை ஏறிடுச்சு. பார்த்தா, அது மேல வெள்ளைத் துணி. துணி மேல எட்வின் அங்கிள் போட்டோ, சம்பங்கி மாலை போட்டு. ஸ்டூல் காலியா இருக்கு. முதல்ல, சரி, மரியாதைக்கு வச்சிருக்காங்க, நான் உக்காரும்போது எடுத்துடுவாங்கன்னு நினைச்சேன்.

பிரசன்னா வந்தார். "எப்சி, ஒரு சின்ன மாத்தம்."

சின்ன மாத்தம்! பழைய ரெக்கார்டு நல்ல காப்பி ஒண்ணு அவருக்குக் கிடைச்சதாம். இப்போ ஏதோ சாஃப்ட்வேர் இருக்காம், பாட்டுலேர்ந்து ஆர்கனை மட்டும் உருவி எடுத்துடலாமாம். எட்வின் அங்கிள் வாசிச்சதை அப்படியே டேப் மாதிரி ஓட விட்டு, இவங்க ரெண்டு பேரும் அது கூட வாசிக்கப் போறாங்களாம். மூணு பேரும் மறுபடியும் சேர்ந்த மாதிரி இருக்குமாம். ஜனங்க உருகிடுவாங்களாம்.

"அப்போ நான்?"

"நீதான் லேப்டாப்புல பிளே பண்ணப் போற. ரொம்ப முக்கியமான வேலை. ஆரம்பிச்சதும் எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது."

பட்டன் அமுக்கற வேலைக்கா. பட்டன்! நான் டெரிக் அங்கிளைத் தேடிப் போனேன். மேடைக்குப் பின்னாடி உக்காந்து கம்பியை இறக்கிக்கிட்டிருந்தார். டிக்கு இறக்கிக்கிட்டிருந்தார். அந்த நல்ல காப்பி டி சுருதியிலதான் இருக்காம்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஏன் அங்கிள் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேனேமா."

"இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவ்வளவு ஆசையா வாசிச்சே. சரி, போகுது, ஒரு அரைக் கட்டைதானேன்னு விட்டுட்டேன்."

"நீதான்னு சொன்னீங்களே அங்கிள். ஸ்கூலை விட்டேனே."

அவர் கம்பியிலேர்ந்து கையை எடுக்கல. "எப்சி, தப்பா எடுத்துக்காதே. உன்னோட வாசிக்கறது ரெக்கார்டோட வாசிக்கற மாதிரியே இருக்கும்மா. ஒரு பிசிறு கிடையாது. ரெக்கார்டோடதான் வாசிக்கணும்னா, எட்வின் ரெக்கார்டோடயே வாசிச்சுட்டுப் போறோமே"ன்னார்.

இது என்னக்கா நியாயம்? ரெக்கார்டு மாதிரியே வாசிக்கறேன்னு பாராட்டறாரு, அதையே காரணம் சொல்லி இறக்கியும் விடறாரு. நேத்துலேர்ந்து யோசிச்சுப் பார்க்கறேன், பிடிபடல.

சிங்காரம் மாமா பக்கத்துலயே இருந்தார். அவர்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. அவரா சொன்னார். "எட்வின் எங்கெங்க தோளைத் தூக்குவான்னு எனக்கு மனப்பாடம் கண்ணு. கண்ணை மூடினா தெரியும்." அவர் கண்ணை மூடி வாசிக்கலாம், நான் மூடக் கூடாது!

அப்போவே கிளம்பி வந்திருக்கணும். ஆனா அம்மாகிட்ட மேடையில பாருன்னு சொன்னேனே, அவங்க ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. என்ன சொல்லிட்டு நிப்பேன்? மேடை ஓரத்துல, திரைக்குப் பக்கத்துல, லேப்டாப் முன்னாடி உக்காந்தேன். அங்கேர்ந்து பார்த்தா ரெண்டு பேரும் நல்லாத் தெரிஞ்சாங்க. வாசிக்க ஒண்ணும் இல்ல, வேற எங்க பார்க்கறது? அவங்களையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ஹால் நிறைஞ்சிருந்தது. முக்கால்வாசி தாடி வச்ச பசங்க. பட்டனை அமுக்கினேன். ஆர்கன் வந்தது. அந்தப் பெரிய ஸ்பீக்கர்ல, சுத்தமா, பக்கத்துல உக்காந்து வாசிக்கற மாதிரி. ஒரு நிமிஷம் எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சது, பொய் சொல்ல மாட்டேன். கிட்டார் சேர்ந்தது. டியில அங்கிள் குரல் நல்லாவே இருந்தது, கீறவே இல்ல. சிங்காரம் மாமா உள்ள வந்தார். நாலு நாலா போற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல.

ஏழு வர்ற இடம் வந்தது. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். சிங்காரம் மாமா கண்ணைத் திறந்து அந்த ஸ்டூலைப் பார்க்கறார். காலி ஸ்டூல். போட்டோவைப் பார்க்கறார். போட்டோவுல தோள் எங்க ஏறும்? குச்சி மேலயே நின்னுடுச்சு. அப்புறம் அடிச்சார், தப்பான இடத்துல. அங்கிள் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் அடிச்சார், மறுபடியும் தப்பு. டேப் அது பாட்டுக்குப் போகுது. அது நிக்குமா? டிரம்ஸ் நின்னுடுச்சு. அங்கிள் கொஞ்ச தூரம் தனியா வாசிச்சுப் பார்த்தார், அவரும் விட்டுட்டார்.

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. பிரசன்னா, எது நடந்தாலும் நிறுத்தாதேன்னு சொன்னாரே. நான் நிறுத்தல. வேலையைச் சரியாப் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததுதான். ரெண்டு கிழவங்களும் கையைக் கட்டிக்கிட்டு ஸ்பீக்கரைப் பார்த்து நிக்கறாங்க. செத்தவர் மட்டும் வாசிச்சுக்கிட்டு இருக்கார். ஹால்ல ஒரு சத்தம் இல்ல. அப்போதான் நான் ஒண்ணு கேட்டேன். டிரம்ஸ் கூட இருந்தப்போ கேட்டதே இல்ல. ஏழு ஒவ்வொரு தடவை வர்றதுக்கு முன்னாடியும் எட்வின் அங்கிள் ஒரு நூல் அளவு நிக்கறார். ஒவ்வொரு தடவையும். ஒரே அளவும் இல்ல, ஒரு தடவை கொஞ்சம், ஒரு தடவை கொஞ்சம் அதிகம். யாரோ பின்னாடி நடந்து வர்றாங்க, வரட்டும்னு நிக்கற மாதிரி. ரெக்கார்டுல டிரம்ஸ் வந்து அந்த இடத்தை அடைச்சுடும், தெரியாது. தனியா கேட்டா ஓட்டை ஓட்டையா தெரியுது. நான் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன் அதை! எனக்குக் கோபம்தான் வந்தது. ஆர்கனிஸ்ட்டாம். இவ்வளவு பிசகு வச்சுக்கிட்டு.

முடிஞ்சதும் ஹாலே எழுந்து நின்னுடுச்சு. கை தட்டல் நிக்கவே இல்ல. பக்கத்துல ஒரு பொண்ணு தேம்பித் தேம்பி அழுவுது. வேணும்னே அப்படிப் பண்ணாங்கன்னு நினைச்சுட்டாங்கக்கா எல்லாரும்! நண்பனுக்காக வாசிக்கறதை நிறுத்திட்டு நின்னு கேட்டாங்களாம். சிங்காரம் மாமா முகமெல்லாம் நனைஞ்சிருந்தது. வேர்வையா இருக்கும், லைட்டு சூடு.

பிரசன்னா ஓடி வந்து எல்லாரையும் கட்டிப் பிடிச்சார். "அங்கிள், பெங்களூர்ல கேக்கறாங்க, அடுத்த மாசம். இதே மாதிரி வேணுமாம், அதே இடத்துல நிறுத்தி, அப்படியே கையைக் கட்டிக்கிட்டு."

நான் டெரிக் அங்கிள் மூஞ்சியைப் பார்த்தேன். இல்லன்னு சொல்லுவார்னு நினைச்சேன். தலையைச் சொறிஞ்சார். "ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு போல மேன்"ன்னார்.

"அங்கிள், நீங்க தப்புப் பண்ணி நின்னீங்க."

"தெரியும்மா."

"அடுத்த மாசம் வேணும்னே நிப்பீங்களா? நடிப்பீங்களா?"

"எப்சி, இவ்வளவு வருஷம் கழிச்சு இப்போதான் மேன் கை தட்டறாங்க."

நேத்து நின்னது நிஜம்க்கா. அது எனக்கே தெரியும், நான்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன். அதே மாதிரி இன்னொரு தடவை நின்னா அது என்ன? என்னை ஏமாத்தினாங்க, போகட்டும். அவங்க பாட்டையே ஏமாத்தலாமா? நான் சிங்காரம் மாமா பக்கம் திரும்பினேன். அவர் கொஞ்சம் உண்மை பேசறவர்.

காதுகிட்ட போய்க் கத்தினேன். "மாமா, டேப் வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அங்கிள் கேப்பார். நான் வாசிக்கறேன். டியிலயே வாசிக்கறேன்."

அவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு என் தலையில கை வச்சார். "நீ நல்லா வாசிப்ப கண்ணு. எட்வினைவிட நல்லா வாசிப்ப. ஆனா ஏழுல எனக்கு இனிமே கை வராது. சும்மா நிக்கறதுன்னா எனக்குச் சுலபம். டேப்புன்னா நான் நின்னுக்கலாம். உன்னோட வாசிச்சா நான் ஓடணும்." அப்புறம் சொன்னார், திட்டற மாதிரி இல்ல, ஏதோ வெயில் அடிக்குதுன்னு சொல்ற மாதிரி. "நீ எனக்காக நிக்க மாட்டியே."

நிக்க மாட்டேனாம்! அத்தனை நாள் ஸ்கூலை விட்டுட்டுப் போய் அவங்க வீட்டுல உக்காந்தவ நான். நிக்க மாட்டேனாம். நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்தை, கண்ணு, இந்த இடத்துல எட்வின் எனக்காக நிப்பான்னு தெளிவா சொல்லியிருந்தா நான் நின்னிருக்க மாட்டேனா? தலையைத் தூக்கு, தலையைத் தூக்குன்னா என்ன அர்த்தம்? சொன்னாத்தானே தெரியும்?

காலையில அவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி கிளம்பிட்டேன். ஆன்ட்டிகிட்ட மட்டும் சொன்னேன். கீபோர்டு அவங்க வேன்லயே வரட்டும், அந்தப் போட்டோவோட. பெங்களூருக்கு நான் போக மாட்டேன். பட்டன் அமுக்க எவனும் கிடைப்பான். ஸ்கூலுக்கும் போக மாட்டேன், பரீட்சையே முடியப் போகுது. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு திருச்சி வர்றதுக்குள்ள யோசிக்கணும். அதுக்குத்தான் ஜன்னல் சீட்டு கேட்டேன், யோசிக்கலாம்னு. எங்க யோசிச்சேன், உங்ககிட்ட பேசிக்கிட்டே வந்துட்டேன்.

ஒண்ணு மட்டும் காலையிலேர்ந்து மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு, அப்புறம் ஒரு சின்ன இடம். அந்த இடம் எவ்வளவுன்னு பிடிபட மாட்டேங்குது. இவ்வளவு நாள்ல எனக்குப் பிடிபடாத இடம்னு ஒண்ணு இருந்ததே இல்லக்கா. டோல்கேட் தாண்டினதுலேர்ந்து முட்டியில தட்டிப் பார்த்துக்கிட்டே வர்றேன். எதிர்ல ஆள் இல்லாம அது வராது போல.

என்னக்கா எழுந்திரிச்சுட்டீங்க? உங்க ஊரா? சொல்லக் கூடாதா முன்னாடியே! இந்தக் கட்டைப்பை உங்களுதா? அந்தப் பலாப்பழமும் உங்களுதா? இருங்க, நான் எடுத்துத் தர்றேன். அண்ணே! விசில் குடுக்காதீங்கண்ணே, ஆளு இறங்குது. என்ன, சீக்கிரமா? அவங்களுக்குக் கால் மரத்துப் போயிருக்குண்ணே. உங்க வண்டி ஒரு நிமிஷம் நின்னா ஒண்ணும் ஆகாது. பின்னாடி வர்ற வண்டி ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான்.

நீங்க பதறாதீங்கக்கா. முதல்ல இந்தக் காலை வைங்க. வச்சிட்டீங்களா? இப்போ அடுத்த கால். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க இறங்கற வரைக்கும் வண்டி நிக்கும்.